கவிழ்த்து வைத்த தட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்து நான்கு வருடம் எல்லைக் காவலில் இருந்தேன், எத்தனையோ இரவு தனியாக நின்றிருக்கிறேன், பயமுறுத்தியதெல்லாம் மனிதர்கள்தான். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன், நேரத்தைக்கூட ஐந்து நிமிடம் கூட்டிச் சொல்ல மாட்டேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, எழுதி வைத்திருப்பதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ரூப்சிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலைவனத்து முகாமில் பதினோரு வருடம் என்னோடு இருந்தவர், மணலில் கால்தடம் பார்ப்பது அவர் வேலை. ஒரு தடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, சுமை இருந்ததா, எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்று சொல்வார், ஒரு முறைகூடத் தவறியதில்லை. நல்ல தடம் ஒன்று கிடைத்துவிட்டால் காற்று கலைக்காமல் இருக்க, தன் சாப்பாட்டுத் தட்டை அதன் மேல் கவிழ்த்துவிடுவார். பிறகு ரொட்டியை உள்ளங்கையில் வைத்துத் தின்பார். இன்னொரு தட்டு கொடுத்தால் வாங்க மாட்டார், அதையும் எங்கேயாவது கவிழ்க்க வேண்டி வரும் என்பார். அப்படி ஒரு மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, நடுப்பகல் வெயிலில் ஒரு தடத்தைத் தொடர்ந்து போனவர் சுருண்டு விழுந்து இறந்தார். தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஓய்வு பெற்றுப் புதுப்பட்டினம் வந்து மூன்றாவது மாதம். காலை ஐந்து இருபதுக்குத் தங்கை கலா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் தேவராஜ் மீன்பிடிக்கிறவர். அலை அதிகம், படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று நான்கு மணிக்குப் போனவர் திரும்பவில்லை, படகு மட்டும் ஆளில்லாமல் கடலில் ஆடிக்கொண்டிருக்கிறது என்றாள். ஐந்து முப்பத்தைந்துக்கு நான் கரையில் இருந்தேன். மூன்று படகுகள் ஏற்கெனவே தேடப் போயிருந்தன. மணல் முழுக்க ஜனம் மிதித்துக் கலைத்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு மூன்று தடங்களைத் தேவராஜின் கூட்டாளி முருகேசன் டார்ச் அடித்துக் காட்டினான்.

"பாரு மிலிட்டரி, காலு கடலப் பாத்துக் கீது. போட்டு கயித்த அறுத்துகினு போயிருக்கும், புடிக்கலாம்னு உள்ள எறங்கிட்டான்."

தடங்கள் மங்கலாக இருந்தன, ஆனால் விரல்கள் கடலைப் பார்த்துத்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால் நானும் அதை நம்பிவிட்டேன்.

கலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாண்ணா சும்மா நிக்கிற? எதனா சொல்லுண்ணா."

நான் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பினேன். மணல்மேட்டில் படர்ந்த அடம்பங்கொடி தொடங்குகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், மணலில் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்ந்திருந்தது.

"இத யார் வெச்சது?"

முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் அவனத் தேடிகினு கீறோம், நீ தட்டப் பாத்துகினு கீறியே. நாஸ்தா துன்னப் போறியா?"

குனிந்து கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன், இரண்டு விரலும் வெந்துவிட்டன. சுற்றிலும் கொடியெல்லாம் பனியில் நனைந்து கிடக்கிறது, சூரியன் இன்னும் வரவில்லை, தட்டு மட்டும் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் கொதிக்கிறது. கீழே போட்டுவிட்டேன்.

அடியில் ஒரே ஒரு தடம், அச்சு எடுத்ததுபோல் தெளிவாக. இடது கால், சுண்டுவிரல் இல்லை. தேவராஜுக்குச் சின்ன வயதிலேயே அந்த விரல் போய்விட்டது. விரல்கள் கடலைப் பார்த்திருந்தன என்பது சரிதான், ஆனால் பட்டும் படாமலும் இருந்தன. குதிகால் மட்டும் நாலு விரல் ஆழம். கடலை நோக்கி ஓடுகிறவன் விரலால்தான் மணலைத் தோண்டுவான். இது குதிகாலை ஊன்றி, எதையோ இழுத்தபடி பின்னால் நடந்தவனுடைய கால்.

"முருகேசா, அவன் கடலுக்குப் போகல. கயித்த இழுத்துகிட்டே பின்னாடி வந்திருக்கான். தோப்புக்குள்ள போய்ப் பாரு."

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்றான், ஆனாலும் ஓடி வந்தான்.

கொடிக்குள் பதினைந்து அடி தள்ளி, தண்ணீருக்காகத் தோண்டிப் பாதியில் விட்ட பழைய குழி இருந்தது, செடி மூடி. அதற்குள் தேவராஜ் மண்சுவரில் முதுகு சாய்ந்து கிடந்தார். கயிறு அறுந்த வேகத்தில் பின்னால் விழுந்திருக்கிறார், அறுந்த நுனி கையிலேயே இருந்தது. தலையில் ரத்தம், இடுப்பு வரை ஊறி ஏறுகிற தண்ணீர், மூச்சு இருந்தது. இன்னும் அரை மணி போயிருந்தால் தண்ணீர் வாய்க்கு வந்திருக்கும் என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "மச்சான், போட்டு இன்னாச்சு?"

கலா அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தாள். "போட்டாம் போட்டு! நீ கீறியே, அது போதும்யா."

ஆம்புலன்ஸ் போன பிறகு, ஏழு நாற்பதுக்குத் தட்டைத் தேடி வந்தேன். இல்லை. யாராவது எடுத்திருக்கலாம். கேட்டுப் பார்த்தேன், எடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு முறை சல்யூட் அடித்தேன், முருகேசன் பார்த்துவிட்டுப் போனான்.

இது இதோடு முடிந்திருந்தால் ஏதோ தற்செயல் என்று நானே எழுதி மூடியிருப்பேன்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தரம், உயிரோடு இருக்கிறேன் என்று இயந்திரத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இ-சேவை மையத்துப் பெண் என் கட்டை விரலை மூன்று முறை துடைத்து வைத்தாள், ஆள்காட்டி விரலையும் வைத்தாள். "சார், இந்த ரெண்டு வெரல்லயும் ரேகையே இல்ல சார். இன்னா சார் பண்ணீங்க?" செங்கல்பட்டில் தோல் மருத்துவரிடம் காட்டினேன். ஒரு வாரத்தில் ஆறிய மேலோட்டமான புண், ரேகை திரும்பி வந்திருக்க வேண்டுமே என்றார்.

அந்த இயந்திரத்தில் மோதிர விரலை வைத்துத்தான் இப்போது உயிரோடு இருக்கிறேன். எல்லை வேலி ஓரத்து மணலை நாங்கள் மாலையில் கட்டை கட்டி இழுத்துச் சமன் செய்வோம், இரவில் யார் நடந்தாலும் காலையில் தெரியட்டும் என்று. அந்த மணலைப் போலத்தான் இருக்கின்றன இந்த இரண்டு விரல்களும். காலையில் எழுந்ததும் விளக்கைப் போட்டு முதலில் அவற்றைப் பார்க்கிறேன், பார்த்ததை நாட்குறிப்பில் எழுதுகிறேன். இதுவரை எதுவும் பதியவில்லை.