எனக்கு மட்டும் கேட்காத ஐந்து நிமிடம்

ஜெபம் பண்ணுவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து வயதிலேயே தங்குதடையின்றி ஏழெட்டு நிமிடம் ஜெபிப்பேன். தேர்வு எழுதுகிறவர்கள், நோயாளிகள், பிரயாணத்தில் இருக்கிறவர்கள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டேன். எங்கள் சமையலறையிலிருந்த டிபன் பாக்ஸ்களில் பாதி, ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் நான் வாங்கியவை. வீட்டுக்குச் சபை ஊழியக்காரர் யாராவது வந்தால் அம்மா என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வாள். என்னைவிட மூன்று வயது இளையவளான தங்கைக்குத் தெரிந்ததெல்லாம் 'எல்லாரையும் நல்லா வச்சுக்கோங்க, ஆமென்' ஒன்றுதான். அதனாலேயே அவள்மேல் எனக்கு மிகுந்த பாசம் இருந்தது.

என் ஆட்சி கவிழ்ந்தது ஈஸ்டருக்கு முந்தைய ஒரு லெந்து காலத்தில். ராயகிரியில் நடந்த பெண்கள் கூடுகைக்குப் போய்விட்டு வந்த அம்மா, புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தாள். நாம்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோமே, ஆண்டவர் பேசுவதற்கு இடம் கொடுக்கிறோமா என்று அங்கே யாரோ கேட்டுவிட்டார்களாம். அன்று முதல் மாலை ஏழு மணிக்குப் பாட்டு, வேத வாசிப்பு, அதன்பின் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவின் செல்போனில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைப்போம். அது அடித்ததும் அவரவருக்கு என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தடதடவென்று அந்தச் சத்தம், அதற்கு மேல் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ஹாரன். ஆண்டவர் பேசினால் கோயில் மைக்கில் கேட்பதுபோல் கணீரென்று கேட்கும் என்று காத்திருந்தேன்.

"ஒனக்கு என்னட்டி கேட்டுச்சு?" என்றாள் அம்மா.

"தறிச் சத்தந்தாம்மா."

அப்பா சிரித்துவிட்டார். அவர் தூங்கி எழுந்திருந்தார், அது வேறு விஷயம். தங்கை மட்டும் தலையைக் குனிந்தபடி, "மாடி வீட்டு அக்காவப் போயிப் பாக்கச் சொன்னாரும்மா" என்றாள்.

அம்மா உடனே மாடியேறினாள். கல்யாணமாகி வந்து ஒரு மாதமே ஆன அந்த அக்கா, தாய்வீட்டு நினைப்பில் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாளாம். இறங்கி வந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "ஆண்டவரு பிள்ளைகள்ட்டதான் பேசுதாரு" என்றாள். பிள்ளைகள் என்று சொன்னாளே தவிர, கை இருந்தது ஒரு தலையில்தான்.

அடுத்த வாரம் ஆண்டவர் தங்கையிடம், அப்பாவுக்கு வேறு செருப்பு வாங்கச் சொன்னாராம். அம்மா அப்பாவின் காலைப் பிடித்துப் பார்த்தால், குதிகால் வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. அப்பா அதை யாரிடமும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறார். செய்தி கோயில்வரை போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் தங்கையைச் சூழ்ந்துகொண்டு, "எங்களுக்காவும் கேட்டுச் சொல்லு மக்கா" என்றார்கள். இத்தனை வசனம் மனப்பாடம் செய்த நான் பக்கத்தில் பைபிள் பையைச் சுமந்துகொண்டு நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. தறிச் சத்தத்தைத் தடுக்க ஒருநாள் காதில் பஞ்சுகூட வைத்துப் பார்த்தேன். ஆண்டவரும் உள்ளே வர முடியாதே என்று பயந்து பாதியிலேயே எடுத்துவிட்டேன்.

புளியங்குடியில் எங்கள் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. பிள்ளையில்லை. இரண்டு பெண்களில் ஒருத்தியைத் தன்னிடம் விட்டுப் படிக்க வைக்கும்படி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதோம் மைனி" என்று அம்மாவும் வெகுநாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அலாரம் அடித்ததும் யாரும் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்:

"தங்கச்சிய அத்த வீட்டுக்கு அனுப்பச் சொன்னாரு."

அப்பாவின் தூக்கம் கலைந்தது. அம்மா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "இது பெரிய காரியம். ஒருத்தருக்குக் கேட்டாப் போதாது, இன்னொருத்தருக்கும் உறுதியாவணும். நாளைக்கும் காத்திருப்போம்" என்றாள்.

மறுநாள் அந்த ஐந்து நிமிடமும் எனக்கு ஒரே யோசனை. உன் அக்கா பொய் சொல்கிறாள் என்று ஆண்டவர் இவளிடம் போட்டுக்கொடுத்துவிட்டால்? ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தங்கை இரண்டு கண்ணையும் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அலாரம் அடித்தது.

"எனக்கும் அப்படித்தாம்மா சொன்னாரு" என்றாள். "நான் அத்த வீட்டுக்குப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பொய்யாகச் சொன்னதை அவர் எப்படி மெய்யாகச் சொன்னார்? ஒருவேளை என் வாயில்தான் வார்த்தையை வைத்தாரோ என்று தோன்றியபோது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் அத்தை வந்து அழைத்துப் போனாள். தங்கை பத்தாம் வகுப்புவரை அங்கேதான் படித்தாள். அழைத்துப் போன அன்று பஸ் புறப்படுகிற நேரத்தில் ஜன்னலிலிருந்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள். காதில் ரகசியமாக, "இனிமே நீயே சொல்லலாம்க்கா" என்றாள். போகும்போதும் இவளுக்கு எவ்வளவு மிதப்பு, பதவியை விட்டுக்கொடுப்பதுபோல் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

அன்று மாலை மூன்று பேர்தான் உட்கார்ந்தோம். கரண்ட் போயிருந்ததால் தறிகள் நின்றுவிட்டன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணை மூடினேன். முதல்முறையாக எனக்கு ஒன்று கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம். நின்றது, மறுபடி கேட்டது, மறுபடி.

அலாரம் அடிக்கக்கூட நான் பொறுக்கவில்லை.

"அம்மாவுக்குச் சளி புடிச்சிருக்கு. கஷாயம் போட்டுக் குடுக்கச் சொன்னாரு!"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானே அடுப்படிக்குப் போய்ச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சினேன். மிளகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அம்மா டம்ளரை வாங்கி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். அவள் கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் வந்தது.

"காரமா இருக்காம்மா?"

"இல்லட்டி. சரியாத்தான் இருக்கு."

அவள் கை வந்து என் தலைமேல் உட்கார்ந்தது. ஒருவழியாக எனக்கும் கேட்டுவிட்டது என்று நான் பூரித்துப்போய் நின்றேன்.