கலம் பிழையாக வாசித்த கொடி

துறைமுகக் காரியாலயத்தில் கப்பல்களின் சமிக்ஞைக் கொடிகளை வாசிப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, என் சொந்த உதட்டில் ஏறிய கொடியை வாசிக்கத் தெரியாமல் இருந்தவன் நான். இறால் தின்றால் உதடு நமநமக்கும். உடம்புக்கு ஒவ்வாத சாப்பாட்டை எங்கள் பக்கத்தில் கிரந்தி என்பார்கள். "உங்களுக்கு அது கிரந்தி, விடுங்கோ" என்று மனைவி பலமுறை சொல்லியிருந்தார். நான் படித்த எந்த வைத்தியப் புத்தகத்திலும் அப்படியொரு சொல் இல்லை என்பது என் வாதம். மூதூரில் ஒரு நண்பர் வீட்டுக் கலியாணத்தில் அந்த வாதத்தைப் பந்தி முழுவதற்கும் விளங்கப்படுத்திக்கொண்டே, நிரூபணமாக இறால் பொரியலை மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றேன்.

குடாவைக் கடக்கும் பின்னேர லோஞ்சுப் படகில் திருகோணமலைக்குத் திரும்பினோம். புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில் உள்ளங்கை அரித்துக் கடித்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை. பிறகு நாக்கு தடித்து, வாய் முழுவதையும் தனக்கே எழுதி வாங்கியதுபோல் பரவிக்கொண்டது. சொல்ல வந்த சொல் பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்த மனைவி கூப்பிட வாயெடுத்து, யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் நின்றார். மூச்சு விசில்போலக் கேட்டது. சுற்றிவரக் கொட்டியாரக்குடாத் தண்ணீர், ஆசுபத்திரி அக்கரையில்.

முன் வாங்கிலிருந்து எழுந்து வந்தவர், மூதூரில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா. கடுகடுத்த மனிதர், என் உத்தியோகம் தெரிந்தவர், வீட்டுக்குப் போகும்போதும் மருந்துப் பெட்டியைக் கைவிடாதவர். பெட்டியில் அட்ரினலின் குப்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லோஞ்ச் ஆடிய ஆட்டத்தில் அது கைதவறினால் என் கதை முடிந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"நிப்பாட்டினா இன்னும் ஆடும், டொக்டர்," என்றார் லோஞ்ச் ஓட்டியவர். "அலைக்கு முகம் குடுத்து மெள்ளப் பிடிக்கிறன். நீங்க குத்துங்க."

ஐயா ஸ்பிரிட்டில் ஊறிய ஊசியை எடுத்து, குப்பியின் கழுத்தை உடைத்தார். "கதையாதேயும். மூச்சை மட்டும் பாரும்," என்றார். நான் கதைக்கத்தான் முயன்றுகொண்டிருந்தேன், இறால் பழுதாகியிருக்கலாம் என்று.

குத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மனைவியின் நகம் என் தோளில் பதிந்திருந்தது. பிறகு நெஞ்சு தறிகெட்டு அடித்தது. நூலளவு காற்று உள்ளே போனது. அவர் நாடியை விடவில்லை. "இறாலிலை பிழையில்லை. உம்முடைய உடம்பிலை காவலுக்கு நிக்கிறவங்கள்தான் கொடியைப் பிழையா வாசிச்சிட்டாங்கள். அடங்கிச்சுதெண்டு நினையாதேயும், திரும்பியும் வரும்." வந்தது. ஆசுபத்திரி வாசலில் தொண்டை மறுபடி இறுகியபோது கூடவே நின்று, இன்னொரு ஊசி போடுவித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இன்று என் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் உயிரணுவுக்குக் 'கலம்' என்று பெயர். துறைமுகத்தில் கலம் என்றால் கப்பல். காவற்கலங்கள் ஒன்றுக்கொன்று இரசாயனத்தால் செய்தி அனுப்புமாம். ஒன்று அபாயக் கொடி ஏற்றினால் மற்றவையும் ஏற்றும். இரத்தக் குழாய் கசியும், சதை வீங்கும். காலில் முள் குத்தினால் காப்பாற்றுகிற அதே வீக்கம் தொண்டையில் வந்தால் ஆளை முடிக்கும். கொடியை இறக்கச் சொல்லும் செய்தியும் உடம்பிலேயே உண்டு. அன்று என்னுடையது போதாமல், அப்போதிக்கரி ஐயாவின் குப்பியிலிருந்து வரவேண்டியிருந்தது. அவர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அவரைக் கண்டபோதெல்லாம் நான் வேறெதையோ பேசிக்கொண்டிருந்ததில், நன்றி சொல்ல விட்டுப்போயிற்று.

சில மாதம் கழித்து அதே லோஞ்சில் ஏறினேன். "இண்டைக்கும் இறால் திண்டீங்களா, சேர்?" என்று கேட்டார் ஓட்டியவர். அந்த அக்கறையில் நெகிழ்ந்து, இனி உயிருள்ளவரை தொடமாட்டேன் என்றேன்.

"அப்ப அக்கரை வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் வருவீங்க," என்று எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார்.