காற்று தள்ளியதற்குப் பெண்களைத் திட்டினேன்

ஸ்ரீபெரும்புதூர் விடுதியிலிருந்து பத்துப் பெண்களை ஒரகடத்தில் ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. என் வேன் ரொம்பப் பழசு. உயரம் அதிகம், கனம் குறைவு. ஆடி மாதம் ஒருநாள் காலையில் வண்டி இடது பக்கமே இழுத்தது.

"எல்லாம் ஒரே பக்கமா குந்திகினு கத பேசினா இழுக்காம இன்னா பண்ணும்?" என்று கத்தி, குண்டாக இருந்தவர்களை வலது பக்கம் மாற்றினேன்.

"எடை மெஷின் எங்கண்ணே?" என்றாள் ஒருத்தி.

ஆரல்வாய்மொழியிலிருந்து வந்த செல்வி சொன்னாள்: "அண்ணே, அது காத்துல்லா! எங்க ஊருல தெனமும் பாக்கோம். இந்தக் கம்பெனி மதில் முடிஞ்சா இன்னும் அடிக்கும். மெதுவாப் போங்க."

"நீ வந்து ஓட்டுறியா?" என்று எரிந்து விழுந்து, இடப்பக்கம் போன கண்டெய்னர் லாரியை முந்தப் போனேன்.

வலப்பக்கத்துக் கம்பெனி மதில் முடிந்து ஏரி வந்தது. காற்று வேனை லாரி மேல் தள்ளியது. பக்கக் கண்ணாடி உடைந்தது. பின்னால் அலறல். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வேகத்தைக் குறைத்தேன். லாரி முன்னால் போய்விட்டது.

ஓரமாக நிறுத்தினேன். பின்னால் திரும்பினேன்.

"தப்பு என்னுதும்மா. எங்க வேணா குந்துங்க."

பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி முன்சீட்டுக்கு வந்தாள். மெதுவாகப் போனோம். மதில் முடியும் இடத்திலெல்லாம் அவள் "வருது அண்ணே!" என்பாள். எல்லோரும் "ஹோ!" என்று கத்துவார்கள். நானும் கத்தினேன்.

ஷிப்டுக்குத் தாமதம். சூப்பர்வைசரிடம் நானே போய்த் திட்டு வாங்கினேன். திட்டு வாங்கிக்கொண்டே நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

என் கோபம் குறையவில்லை. ஆனால் வண்டியில் யாராவது "மெதுவா" என்றால், முதலில் வேகத்தைக் குறைக்கிறேன். கத்துவதெல்லாம் அப்புறம்தான்.