கடைசி அறைக்குக் கேட்காத ஆம்ப்ளிஃபயர்

நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் எச்சரிக்கை ஒலியமைப்பை நிறுவும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கே தீப்பற்றினாலும், மருந்து செலுத்தும் கடைசி அறைவரை ‘வெளியே ஓடுங்கள்’ என்ற அறிவிப்பு தெளிவாகக் கேட்க வேண்டும். கம்பி செல்லும் தொலைவையும் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு, மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் இயங்கும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலாளி வாங்கினார். ஆடி பிறந்ததும் அதன் முகப்பில் ‘உபயம்’ என்று தம் பெயரை எழுதவைத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். கோயிலில் கழித்துப் போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஆலைக்கு வந்தது.

“இங்கன அம்புட்டு பவரு எதுக்குத் தம்பி? கச்சேரியா வைக்கப் போறோம்?” என்றார்.

சோதித்துப் பார்த்தேன். கடைசி அறையிலிருந்த பெண் தொழிலாளி, “ஏதோ பாட்டுன்னு நெனச்சு வேலையப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்” என்றார்.

எச்சரிக்கையே இல்லையென்றால் அவர் தம் கண்ணை நம்பி ஓடிவிடுவார். இந்தக் கருவியோ அறிவிப்பு வரும் என்று அவரை நம்பவைத்துக் கொன்றுவிடும். பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திட மறுத்தேன்.

“ஒன் கையெழுத்து இருந்தாத்தான் வெடி வெடிக்காதாக்கும்” என்று முதலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்று அறை அறையாகச் சென்று, ஒலிபெருக்கிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டே வெளியேறினேன்.