எங்கள் ஊர்ப் பத்திரிகையின் கல்கத்தாக் கடிதம்

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு பொய்யர். பொய்யைப் போட்டார், பொய் என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. இன்று ஊரில் அவருக்கு மாலை மரியாதையெல்லாம் நடக்கிறது. நடக்கட்டும். அவர் என் தங்கைக்குச் செய்ததை நான் எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. பவானிபூரில் ஒரு வங்காளியின் வீட்டில் கீழ்ப் பகுதியை வாடகைக்கு எடுத்து, தமிழர் நாலு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். எங்களுக்கு அது பரதேசம்தான். பாஷை வேறு, மீனும் மாமிசமும் தொடாத எங்களுக்குச் சாப்பாடு வேறு, குளிர்கூட வேறு. அதனால் ஊர்ப் பத்திரிகைக்கு என் பேரில் சந்தா கட்டித் தபாலில் வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் உரக்கப் படிப்பேன். மற்றவர்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார்கள். தாசில்தார் முகாம் வந்தார், தேர்ச் சக்கரம் சேற்றில் புதைந்தது, யார் வீட்டு மாடோ கிணற்றில் விழுந்தது, இதுதான் சமாசாரம். ஊரில் இருந்தபோது அந்தக் காகிதத்தில் கடலை மடித்துக் கொடுத்தால்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. அங்கே போன பிறகு ஏல விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படித்தேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் நடத்துவதாக என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர். நல்ல பையன். அவர்கள் வீட்டிலும் அதே பத்திரிகைதான் வாங்கினார்கள்.

கார்த்திகையில் எங்கள் வீட்டுக்காரரின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீர்த் தட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். வாங்கி உள்ளே வைக்க ஆள் போதவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "மஷாய், நீங்களும் நம் வீட்டு மனுஷர்தானே, ஒரு கை கொடுங்கள்" என்றார். போனேன். என் கைக்கு வந்த தட்டில் சிவப்புப் பட்டுச் சுற்றி, குங்குமம் தீற்றி, மூக்குத்தி மாட்டி ஏதோ இருந்தது. அம்மன் பொம்மை என்றே நினைத்தேன். நம் வழக்கப்படி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றும்போதுதான் நாற்றம் அடித்தது. பட்டு விலகியது. உள்ளே, வாயில் வெற்றிலைச் சுருளோடு ஒரு பெரிய ரூயி மீன்.

மீனை மணப்பெண்போல அலங்கரித்து அனுப்புவது அவர்கள் சம்பிரதாயம். எனக்குத் தெரியாது. அவர்கள் சிரித்தார்கள். நான் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்த் தலைமுழுகினேன். என்னோடு இருந்த மூன்று தமிழர்களும் அதைப் பார்த்தார்கள்; அவர்களும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்காரர் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிரியமாகத்தான் கூப்பிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்து வழக்கம்போல் படித்தேன். 'கல்கத்தாக் கடிதம்' என்று ஒரு தலைப்பு. எழுதியவன் பெயர் இல்லை. 'நமது தாலூகாவிலிருந்து சென்று, வெள்ளைக்காரக் கம்பெனியில் அமர்ந்திருக்கும் பவானிபூர்வாசி ஒருவர் மச்சத்தைக் கண்ணில் ஒற்றிப் பூஜித்து, பின்னர் புசித்தும் வருகிறார்.' அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் தாலூகாக்காரன் அங்கே நான் ஒருவன்தான்; மற்ற மூவருக்கும் பக்கத்துத் தாலூகா, அங்கேயும் இந்தப் பத்திரிகை போகும்.

"ஏன் ஓய் நிறுத்திவிட்டீர்? மேலே படியும்" என்றார் கத்தரிக்காய் நறுக்கியவர்.

"நீரே படியும்" என்று அவர் மடியில் எறிந்தேன்.

படித்துவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மச்சாவதாரம் உமக்கு நேரிலேயே தரிசனம் கொடுத்துவிட்டதே!"

"எழுதினது உங்களில் யாருங்காணும்?"

"என்னைப் பார்க்காதேயும். நாலு வரி தமிழ் சேர்ந்தாற்போல் எனக்கு எழுத வராது."

மற்ற இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அன்று சாயங்காலமே மூன்று பேரும் தங்கள் தங்கள் வீட்டுக்குக் கார்டு போட்டார்கள், 'அது நான் இல்லை' என்று. 'அது பொய்' என்று ஒருவனும் எழுதவில்லை. ஒரே பானையில் சாப்பிட்டவர்கள்!

பிறகு அப்பாவின் கார்டு வந்தது. தபால்காரன்முதல் எல்லோரும் படிக்கும்படி எழுதியிருந்தார்: 'சம்பந்தி வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். நீ செய்தது வாஸ்தவம்தானா?' என்னைப் பெற்றவரும் என்னை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தை நம்பினார்.

உடனே ஆசிரியருக்கு மறுப்பு எழுதினேன். வீட்டுக்காரர் தாமாகவே சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்திரிகையில் வந்தது ஒரே வரி: 'பவானிபூர்வாசியின் மறுப்பு கிடைத்தது. இடமின்மையால் பிரசுரிக்க இயலவில்லை.' அதன் கீழே அரைப் பக்கத்துக்குக் கூந்தல் தைல விளம்பரம். அப்பா நேரில் போய்க் கேட்டிருக்கிறார். ஆசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நாங்கள் பேரையா போட்டோம்? பேரே போடாதபோது உங்கள் பிள்ளைதான் என்று நீங்களாக ஏன் ஒத்துக்கொள்கிறீர்கள், சுவாமி?" என்று கேட்டாராம். அப்பா எழுந்து திரும்பிவிட்டார்.

வைகாசியில் தங்கையை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் மூத்த பெண்ணுக்கு ஏறக்குறைய அவள் வயசு. நான் லீவு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அண்ணா, அந்தக் காகிதத்தில் என்னைப் பற்றி என்ன போட்டிருந்தான்?" என்றாள்.

"உன்னைப் பற்றி ஒன்றுமே இல்லை அம்மா."

"பின்னே எனக்கு ஏன் இப்படி?"

அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பத்திரிகை இன்னும் நடக்கிறது, அவரே நடத்துகிறார், பத்திரிகா தர்மம் என்று தலையங்கம் எழுதுகிறார். நான் மீன் தின்றதைப் பார்த்தவன் யார்? அந்தக் கடிதத்தை அனுப்பியவன் பெயர் என்ன? என் தங்கை கேட்டதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தனியாகக் கடிதம் போட்டால் உறையைப் பிரிக்க மாட்டேன். தன் பத்திரிகையிலேயே, முதல் பக்கத்தில், தன் கையெழுத்தைப் போட்டு, ஊர் படிக்கும்படி எழுதட்டும்.