அப்பா நிறுத்திய சத்தம்

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்தால் முதலில் தண்ணீர் வராது, சத்தம்தான் வரும். மேட்டில் ஏற முடியாத லாரியைப் போல ஒரு முக்கல், பிறகு சுவருக்குள் தடதடவென்று ஓர் ஓட்டம், அதெல்லாம் அடங்கிய பிறகுதான் 'சிங்கி' என்ற கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், தெப்ராவ் பக்கம் இருந்த அந்த வரிசை வீட்டில், விடியுமுன்பே அக்கரை வேலைக்குக் கிளம்பும் அப்பா முகம் கழுவும்போதுதான் அது முழு மூச்சாகக் கத்தும்.

"ஊரையே எழுப்பி விட்டுட்டுத்தான் இவரு வேலைக்குப் போவாரு" என்று அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி சுவரைத் தட்டுவார். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. மாலையில் அந்த எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று அப்பா வீடு சேர்வதற்குள் நான் தூங்கிவிடுவேன் என்பதால், ஞாயிறு தவிர மற்ற நாள்களில் அவரைப் பார்க்க எனக்கு வாய்த்தது அந்த விடியற்காலை மட்டும்தான். குழாய் கத்தியதும் எழுந்து ஓடுவேன். அப்பா 'தே ஓ' என்ற பாலில்லாத் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துப் பாதியை எனக்கு ஊட்டுவார். அவருடைய மழைச் சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிடுவேன். ஹெல்மெட்டுக்குள் முகம் மறையும்வரை அவர் என்னுடைய அப்பா.

நான் வகுப்பில் தூங்கி விழுவதாக டீச்சர் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு அந்தக் குழாய்மேல் தீராத கோபம். "பிள்ளைய தூங்க விடமாட்டேங்குது சனியன்" என்று ஞாயிறுதோறும் அதனோடு மல்லுக்கு நின்றார். இணைப்பைக் கழற்றி வெள்ளை டேப் சுற்றினார். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே திணித்தார். ஓட்டம் நின்றது, முக்கல் நிற்கவில்லை. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த நான், இந்த வேலை உருப்படக் கூடாது என்று மாரியம்மனை மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். சில வாரங்கள் அவளும் என் பக்கம்தான் இருந்தாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் மீட்டரில் தண்ணீரை அடைத்துவிட்டு அப்பா குழாயின் தலையையே கழற்றினார். உள்ளே, என் கட்டைவிரல் நகம் அளவில், தேய்ந்து தொளதொளத்த ஒரு கறுப்பு ரப்பர் 'வாஷர்'. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டுத் திறந்தார். தண்ணீர் சாதுவாக விழுந்தது.

"இனிமே நிம்மதியா தூங்கு மா" என்று அவர் சிரித்தார். அப்படிச் சிரிப்பவரிடம் வேண்டாம் என்று எந்தப் பிள்ளைதான் சொல்லும்? தலையாட்டினேன். மறுநாள் கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. மேசைமேல் பாதி பிஸ்கட் வைத்திருந்தார். அழுதுகொண்டே தின்றேன். தானாக எழப் படாத பாடு பட்டும் முடியவில்லை. அலாரம் வைத்தால் பள்ளிப்பிள்ளை தூங்கட்டும் என்று அம்மா அணைத்துவிடுவார்.

இன்று அம்மா இல்லை, சுவரைத் தட்டிய ஆண்ட்டியும் வீடு மாறிப் போய்விட்டார். குளியலறையில் மேலே தூக்கினால் திறக்கும் பளபளப்பான குழாய் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவள் இப்போது நான். நான் திரும்புவதற்குள் அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிவிடுகிறார்.

போன வாரம் காலையில் பேருந்து பாலத்தில் நகராமல் நின்றபோது அவர் அழைத்தார்.

"எப்ப கெளம்புன மா? தெரியவே இல்லயே. பைப்பு சத்தம்கூட கேக்கல."

"இது புது பைப்புப்பா. சத்தம் வராது."



"அந்தப் பழைய வாஷர தூக்கிப் போட்டுட்டேனே மா" என்றார்.