கதிரவேலு அண்ணையின் ஆராய்ச்சிப் பதில்கள்

எங்கள் வீட்டுக்கு இதுவரை ஒரு ஆராய்ச்சியாளரும் வந்ததில்லை. காரணம் ஜிம்மி. படித்தவர், படியாதவர் என்ற பேதம் பாராமல் கேற்றைத் தாண்டுகிற எல்லாரையும் கடிக்கிற நாய் அது. நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வீட்டுக்கு எங்கிருந்து கடிதம் வந்தது, எந்தக் கடிதத்துக்குப் பிறகு எந்த வீட்டில் சண்டை வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் நேரே அடுத்த வளவுக்குள்தான் போனார்கள்.

அடுத்த வளவு கதிரவேலு அண்ணையுடையது. வெங்காயத் தோட்டக்காரர். அவரிடம் நாய் இல்லை, கேற்றையும் அவர் சாத்துவதில்லை. முற்றத்து மாமரத்தின் கீழ் எப்போதும் நாலு பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். பஸ்ஸால் இறங்கிக் கொதிக்கிற வெயிலில் கொப்பியோடு நடந்து வருகிற கம்பஸ் பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்?

முதலில் வந்தவர் தண்ணீர்க்காரர். கிணற்றில் தோட்டத்துப் பசளை ஊறியிருக்கிறதா என்று பார்க்கும் படிப்பு. போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, "தண்ணியாலை ஏதும் கரைச்சல் இருக்கோ ஐயா?" என்று கேட்டார். அண்ணை உண்மையைச் சொன்னார்.

"ஒரு கரைச்சலும் இல்லைத் தம்பி. நல்ல தண்ணி."

அந்தப் பிள்ளையின் முகம் கடைசி பஸ்ஸை விட்டவன் முகம்போல ஆகிவிட்டது. கொப்பியை மூடிவிட்டு எழும்பியது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. குறைந்தது நாலு முருங்கைக்காயாவது கட்டிக் கொடுக்க வேண்டும். முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணைக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லும். யோசிச்சுப் பார்த்தால் காலமையிலை ஒரு சாடை கைப்பு இருக்குத்தான்."

கொப்பி திரும்பவும் திறந்தது. எல்லாம் அப்படித்தான் தொடங்கியது. கேட்டால் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி பரவியது. மொழிக்காரர் வந்தார்கள், எறும்புக்காரர் வந்தார்கள், மூட்டு நோவுக்காரர், வௌவால்காரர், வெங்காய விலைக்காரர், சமூகவியல் என்று சொல்லிப் பெருமூச்சுகளைக் குறித்துக்கொண்டு போகிறவர்கள், எல்லாரும் வந்தார்கள். ஒரு துறைக்கும் மற்றத் துறைக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. ஒட்டு என்று ஒன்று இருந்தால் அது அண்ணையின் வாய்தான்.

ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்கும் என்று மனிதர் கண்டுபிடித்துவிட்டார். விலைக்காரருக்கு நட்டம் வேண்டும். நோவுக்காரருக்குப் பத்துக்கு எத்தனை என்று இலக்கம் வேண்டும், அது பெரிதாக இருந்தால் நல்லது. மொழிக்காரருக்குப் பழைய சொல் வேண்டும். பாட்டன் காலத்துச் சொல் என்று அவர் அள்ளிக் கொடுத்ததில் அரைவாசியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரேயொரு தடை அவருடைய மனைவி குணலட்சுமி அக்கா. குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே முற்றத்தில் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பா. அண்ணை "வீட்டிலை மூண்டு மாடு" என்பார். உள்ளே இருந்து "ஒண்டு" என்று குரல் வரும். "வெங்காயம் முழுக்க அழுகிப்போச்சுது" என்பார். "போன கிழமைதான் வித்தவர்" என்று குரல் வரும்.

"அவ சொல்லுறதை எழுதாதேங்கோ," என்பார் அண்ணை. "அவ ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்கமாட்டா."

எனக்கு எரிச்சல்தான், பொறாமை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்குள் உண்மையான கவலை ஒன்று இருந்தது. அதைப் பற்றி எந்தத் துறையும் கேட்கவில்லை. அவர்களுடைய ஒரே மகள் கஜந்தினி, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். முப்பதைத் தாண்டிவிட்டது. ஏழில் செவ்வாய். வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்தோடு நின்றுபோயின. கடைசியில் பருத்தித்துறையில் ஒன்று பொருந்தியது. சிவதர்ஷன் என்று பெயர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்த கஜந்தினி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். இதுவும் தப்பினால் இனி வேறு பார்க்க வேண்டாம் என்று மட்டும் தாயிடம் சொல்லியிருந்தாள்.

கலியாணத்துக்கு முன் விசாரிப்பு என்று எங்களிடம் ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பஸிலும் இல்லாத ஆராய்ச்சி அது. மாப்பிள்ளை பகுதி சொல்லாமல் கொள்ளாமல் வரும். கடையில் கேட்கும், கோயிலில் கேட்கும், அடுத்த வீட்டில் கேட்கும், துணிந்தால் சும்மா வந்ததுபோல வீட்டுக்குள்ளும் வந்து பார்க்கும். இது அண்ணைக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் பிசகிவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. குணலட்சுமி அக்கா கோயிலுக்குப் போயிருந்தா, கஜந்தினி பள்ளிக்கூடத்தில். நான் மதிலடியில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வாழைக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை, ஆனால் அந்த இடத்தில் நின்றால் அடுத்த வீட்டுக் கதை நன்றாகக் கேட்கும். அறுபதை ஒட்டிய வயதில் ஒரு ஆணும் பெண்ணும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாவின் கையில் ஒரு பைல்.

"நாங்கள் சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்..." என்று ஐயா தொடங்கினார்.

"தெரியும், தெரியும். எல்லாரும் அப்பிடித்தான் தொடங்கிறவை," என்றார் அண்ணை. "இருங்கோ. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன். பிறகு வெக்கப்படாமல் கேளுங்கோ."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னதை அவர்கள் முன்பின் கண்டிருக்கமாட்டார்கள். தேத்தண்ணீர் வந்தது. அம்மா மெல்லக் கேட்டா.

"கிணத்துத் தண்ணி எப்பிடி?"

"நல்ல கைப்பு."

"தோட்டம்?"

"நட்டம்தான். அதை எழுதிறதெண்டால் உங்கடை கொப்பி காணாது."

"உங்களுக்குச் சுகம் எப்பிடி?"

"முழங்கால். பத்துக்குப் பத்து."

"குடும்பத்திலை சீனி வருத்தம் ஏதும்..."

"பரம்பரை பரம்பரையா."

"நித்திரை?"

"அதைப் பற்றி மட்டும் கதைக்காதேங்கோ."

சுகாதாரப் பகுதி ஆட்கள் போலிருக்கிறது என்று நினைத்து நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த ஐயா, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"மகள் கலியாணம் கட்டிப் போனால் பிறகு என்ன செய்யப்போறியள்?"

பதில் வரவில்லை. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணை படியடியில் கிடந்த கஜந்தினியின் வீட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடவோ?" என்று கேட்டார்.

அவர்கள் எழும்பிப் போனார்கள். போய் நின்ற இடம் எங்கள் கேற்றடி. ஜிம்மி குரைத்த குரைப்பில் வெளியேதான் நின்றார்கள். நான் போனேன்.

"நாங்கள் பருத்தித்துறையிலையிருந்து வாறம். பேர் கனகசபாபதி," என்றார் ஐயா. "சிவதர்ஷன்டை பெரியப்பா."

அம்மா கேட்டா: "ஏன் தம்பி, அந்த ஐயாவுக்கு முழங்கால் அவ்வளவு ஏலாதோ?"

என்னவென்று சொல்வது? பொய் என்றால் பெண்ணின் தகப்பன் புளுகன். உண்மை என்றால் பெண் பிறந்தது நோய் பிடித்த குடும்பம். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குளம். நான் வாயைத் திறக்க முன் அடுத்த வளவில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். கதிரவேலு அண்ணை கொக்கத்தடியோடு மதில்மேல் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் வெறுங்கையோடு போகிறார்களே என்ற பதைப்பு. பறித்ததும் மதிலால் குதித்தார். ஒழுங்கையால் ஓடி வந்தார்.

"தங்கச்சி, இதைக் கொண்டுபோய்க் கறி வையுங்கோ."

அம்மா முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு அவருடைய முழங்காலைப் பார்த்தா. அண்ணை சிரித்தபடி திரும்பிப் போனார். நான் சொன்னேன்:

"ஏலாதுதான் அக்கா. ஆனால் காட்டிக்கொள்ளாத மனுசன்."

மோட்டார் சைக்கிள் முடக்குத் திரும்பியதும் நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"சீனி வருத்தம் பரம்பரை எண்டு சொல்லிப்போட்டனே," என்றார். "நித்திரையைப் பற்றியும் சொல்லிப்போட்டன்."

குணலட்சுமி அக்கா கோயிலால் வந்து கதையைக் கேட்டா. ஏசவில்லை. அன்று பின்னேரத்திலிருந்து அண்ணைக்குச் சீனி போடாத தேத்தண்ணீர் வந்தது. கேட்டதற்கு, "பரம்பரை வருத்தம் எண்டு சொன்னனீங்கள் எல்லே?" என்றா. கஜந்தினி பள்ளிக்கூடத்தால் வந்து, "பரவாயில்லை அப்பா, விடுங்கோ," என்றாள். ஏசியிருந்தால் அண்ணை தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லைதான் அவரைச் சாய்த்துவிட்டது.

"ஊரிலை இருக்கிற பிள்ளையளுக்கெல்லாம் பட்டம் வாங்கிக் குடுத்தன்," என்று மதிலடியில் வந்து சொன்னார். "என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன்."

அதன் பிறகு அந்தக் கேற் சாத்தியே கிடந்தது. நுளம்பு ஆராய்ச்சிக்கு ஒரு பெண் வந்து தட்டினாள். அண்ணை மாட்டுக் கொட்டிலுக்குள் ஒளித்திருந்தார். அங்கேதான் கடிக்கிற நுளம்பு அதிகம். சிரித்திருப்பேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. ஜிம்மி கடித்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தி, நாலு நல்ல கதை சொல்லியிருக்கலாம் என்று மனம் குடைந்துகொண்டே இருந்தது.

இரண்டு கிழமை கழித்துத் தரகர் போன் எடுத்தார். மாப்பிள்ளை பகுதிக்குச் சம்மதம், நாள் பார்க்கச் சொல்கிறார்கள் என்றார். ஏன் சம்மதம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததைக் கிளறவேண்டாம் என்று குணலட்சுமி அக்கா உத்தரவு போட்டுவிட்டா. அதோடு இன்னொரு உத்தரவும் வந்தது. சொன்ன சொல் சொன்னதுதான், கலியாணம் முடியும்வரை முழங்கால் ஏலாது.

கலியாண மண்டபத்தில் அண்ணை நொண்டினார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சால்வை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று வரவேற்று, மணவறைவரைக்கும் நொண்டினார். அன்று பைலோடு வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா முழங்காலுக்குப் பூச எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தா. பந்தியில் பாயாசம் வந்தபோது அதே அம்மா, "அண்ணைக்கு விடாதேங்கோ, சீனி," என்று கையை நீட்டித் தடுத்தா. எல்லாருடைய கோப்பையிலும் உலர்ந்த முந்திரிகைப் பிளம்ஸ் மிதக்கிறதை அவர் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதையும் பத்துக்குப் பத்து என்று போடலாம்.

பந்தி முடிந்து, சனம் கலைந்த நேரம். அண்ணையும் நானும் ஒரு மூலையில் இருந்தோம். கனகசபாபதி ஒரு கோப்பை பாயாசத்தோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"குடியுங்கோ, என்ரை மனுசி அங்காலை போயிட்டா," என்றார். "ஒண்டு கேக்கவேணும். காலமை நொண்டினது இடது கால் எல்லோ?"

அண்ணை குனிந்து, பந்தியிலிருந்து நொண்டிவந்த தன் வலது காலைப் பார்த்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் கனகசபாபதி. "மதிலாலை குதிச்சதைக் கண்டனான். நாங்கள் கன வீடு பாத்தனாங்கள். எல்லா இடத்திலையும் கிணறு தேன், ஆக்கள் நோயில்லாமல் கல்லுப்போலை. ஆர் கேட்டாலும் பதில் ஆயத்தமா இருக்கும். நீங்களும் எல்லாத்துக்கும் ஆயத்தமாத்தான் வைச்சிருந்தனீங்கள். ஆனால் மகளைப் பற்றிக் கேட்க உங்களிட்டைப் பதில் இருக்கேல்லை. அது காணும், இந்தச் சம்பந்தத்தையே செய்வம் எண்டு வீட்டை போய்ச் சொன்னன்."

அண்ணை பாயாசத்தைக் குடித்தார். குடித்துக்கொண்டே அழுதார். இனிப்புக்கு அழுகிற மனிதர் அவர் ஒருவர்தான் என்று நான் பகிடி விட்டேன்.

பருத்தித்துறை ஒன்றும் கனடா இல்லை. பஸ்ஸில் ஏறினால் போய் இறங்கலாம். கஜந்தினியும் கிழமைக்கு ஒருக்கால் வந்து போகிறாள். அதை அண்ணைக்கு நான் பலமுறை சொல்லிவிட்டேன். ஓம், ஓம் என்பார்.

போன மாதம் கேற் திறந்திருந்தது. கொப்பியும் குடையுமாக ஒரு பெண் பிள்ளை போனதைக் கண்டு வாழைக்குத் தண்ணீர் விட வந்தேன். பிள்ளைகளைப் பிரிந்து வாழும் பெற்றோரின் மனநிலை பற்றிய ஆய்வு என்று அந்தப் பிள்ளை விளக்கினாள். அண்ணைக்குப் பொன்னான துறை. பாவம், பிள்ளைக்கு மூன்று கொப்பி நிறையப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏதும் கவலை, தனிமை, அப்பிடி ஏதும் இருக்கோ ஐயா?"

"ஒரு குறையும் இல்லைப் பிள்ளை," என்றார் அண்ணை. "நல்லாயிருக்கிறம்."

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. முந்தியென்றால் அதைப் பார்த்துப் பொறுத்திருக்கமாட்டார். அன்று பொறுத்துக்கொண்டார். கொப்பியை மூட முதல் அவள் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?"

"மூண்டு பேர்."

நான் தண்ணீரை நிறுத்திவிட்டுக் குசினிப் பக்கம் காதைக் கொடுத்தேன். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. திருத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் துருவுகிற சத்தம் மட்டும் திரும்பத் தொடங்கியது.

பிள்ளை படியடியில் கிடந்த மூன்று சோடிச் செருப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். ஏதோ ஒரு ஆராய்ச்சியில் அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.